ஊரில் மேசன் பயிற்சி நிலையம் கட்டலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொல்லில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். உங்கள் ஊர் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர் சங்கமாகச் சேர்ந்து கொஞ்சம் காசு திரட்டியிருக்கிறீர்கள். சனசமூக நிலையத்துக்குப் பக்கத்துக் காணியில் மூன்று அறைக் கட்டடம் எழுப்பி, உயர்தரப் பரீட்சை சரிவராத 20 பெடியளைச் சேர்த்து, நாலு மாதம் மேசன் வேலை, கம்பி வேலை, ரைல்ஸ் வேலை எல்லாம் பழக்கி, முடிவில் சான்றிதழும் கருவிப்பெட்டியும் கொடுத்து அனுப்புவது திட்டம். போன வருடம் அம்மாவின் வீட்டைத் திருத்த வந்தபோது மேசன் பாதி வேலையில் வேறு இடத்துக்குப் போய்விட்டார், அந்த அனுபவத்தில்தான் இந்த யோசனையே பிறந்தது என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டடத்துக்கு எவ்வளவு முடியும் என்பது நீங்கள் கேட்ட கேள்வி. ஆனால் உங்களை உறுத்துகிற கேள்வி வேறு என்று நினைக்கிறேன்: வேலை இல்லாமல் இத்தனை பேர் இருக்கிற ஊரில் சுவரை நேராக எழுப்பத் தெரிந்த ஒருவரைப் பிடிக்க ஏன் மூன்று மாதம் அலைய வேண்டியிருக்கிறது, காசு போட்டால் அது மாறுமா?

என்னைப் பற்றி இரண்டு வரி. 27 வருடமாகக் கட்டட வேலைத்தளங்களில் நிற்கிறேன். தொடக்கத்தில் ஓர் உள்ளூராட்சிச் சபையில் தொழில்நுட்ப உத்தியோகத்தர், பிறகு தனியாக மேற்பார்வை, கடைசி எட்டு வருடமாகக் கிழமையில் இரண்டு நாள் பெடியளுக்குப் படிப்பிக்கிறேன். எனக்குத் தெரிந்தது யாழ்ப்பாணமும் கிளிநொச்சியும், வீடுகள், பள்ளிக்கூடங்கள், இரண்டு மூன்று மாடிக் கடைகள். கொழும்பில் எழும்புகிற 40 மாடிக் கட்டடங்களுக்கு ஆள் தயார் செய்வது வேறு உலகம், அதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை.

கட்டடம் கட்டாதீர்கள். இதுதான் என் பதில். அந்தக் காசில் ஒரு பெடியன் நல்ல மேசன் ஒருவரோடு ஒன்றரை வருடம் நிற்பதற்கான வழியைச் செய்யுங்கள். ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் மேசன் வேலையும் தச்சு வேலையும் வகுப்பில் வளர்ந்தவை இல்லை. தகப்பனோடோ மாமனோடோ 15 வயதில் கலவை சுமக்கப் போன பிள்ளை, மூன்று நாலு வருடத்தில் மேசன் கரண்டி பிடிக்கும், பத்து வருடத்தில் தானே ஒரு வீட்டைப் பொறுப்பெடுக்கும். அந்தச் சங்கிலி 1990இல் அறுந்தது. அந்த வருடம் போரில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது தடைசெய்யப்பட்ட பொருட்களில் சீமெந்தும் ஒன்று. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் அதே வருடம் நின்றுபோனது. சீமெந்து இல்லாத ஊரில் மேசனுக்கு என்ன வேலை? உடைந்ததை மண்ணாலும் சுண்ணாம்பாலும் ஒட்டுப்போட்டார்கள், அவ்வளவுதான். பிறகு 1995 இடப்பெயர்வு. வன்னியில் இருந்தவர்களுக்கு, இடையில் போர்நிறுத்தம் இருந்த சில வருடங்களைத் தவிர, 2009 வரையும் ஏறக்குறைய இதே நிலைமை. அந்தக் காலத்தில் 15 வயதாக இருந்தவர்கள் இன்று தொழிலில் முதிர்ந்த மேசன்களாக, நாலு பேருக்குப் பழக்குகிறவர்களாக இருந்திருக்க வேண்டும். அவர்களில் நிறையப் பேர் வெளிநாட்டில், சிலர் உயிரோடு இல்லை, மிச்சப்பேர் வேறு தொழிலில். இன்றைய தட்டுப்பாட்டின் வேர் இதுதான். பெடியள் சோம்பேறிகளாகிவிட்டார்கள் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அப்படிக் குறைந்துபோன கையிருப்பின் மேல்தான் 2010க்குப் பிறகு வீடுகள் வந்து கொட்டின. இந்திய வீட்டுத்திட்டத்தை மட்டும் எடுத்தால், முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினார்கள், அவை 2012 நடுப்பகுதியில் முடிந்தன. பிறகு அதே வருடம் ஒக்டோபரில் வடக்கு கிழக்குக்கு என்று பெரிய கட்டம் தொடங்கியது. அதில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா, கட்டம் கட்டமாகக் கையில் வரும், வீட்டுக்காரரே ஆளைப் பிடித்துக் கட்டிக்கொள்ள வேண்டும். மற்ற வீட்டுத்திட்டங்கள், றோட்டு, பாலம், ரயில் பாதை, பள்ளிக்கூடம் எல்லாம் அதே காலத்தில். அத்திவாரம் முடித்தால்தான் அடுத்த காசு வரும் என்கிற நிலையில், கிடைத்த ஆளைப் பிடித்து வேலையை முடிக்கத்தான் எல்லோரும் பார்த்தார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆறு மாதம் கலவை சுமந்தவர் ஏழாம் மாதம் மேசன் ஆனார். அவருக்குக் கீழே நின்று பழகியவர்தான் இன்றைக்கு உங்கள் அம்மாவின் வீட்டுக்கு வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு யாரும் முறையாகச் சொல்லிக்கொடுக்கவில்லை, சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் தொழிற்பயிற்சியும் நிறைய நடந்தது. ஒரு தொண்டு நிறுவனத்தின் பயிற்சியில் நானும் படிப்பித்தேன். 25 பேர், ஆறு கிழமை, கடைசி நாள் விருந்தினர் வந்து எல்லோருக்கும் சான்றிதழும் மட்டக்கோல், கரண்டி, தூக்குக்குண்டு அடங்கிய பெட்டியும் கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்து விசாரித்துப் பார்த்தேன். கட்டட வேலையில் நின்றவர்கள் நாலு பேர். அந்த நாலு பேருக்கும் ஏற்கெனவே அண்ணனோ சித்தப்பாவோ தொழிலில் இருந்தார்கள். மற்றவர்களை எந்த மேசனும் சேர்க்கவில்லை, ஏனென்றால் ஆறு கிழமையில் பழகிய ஒருவர் வேலைத்தளத்தில் மேசனும் இல்லை, கையாளாக, அதாவது மேசனுக்கு உதவியாளாக, நிற்கவும் மனம் வராது. உங்கள் திட்டத்தை வாசித்தபோது எனக்கு அந்த 21 பேரின் முகம்தான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வகுப்பில் எதைப் பழக்கலாம், எதைப் பழக்க முடியாது என்பதற்கு ஒரு உதாரணம். சுவர் பூச்சு. சுவரை நனைக்க வேண்டும், கலவை சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து, அரை அங்குலத் தடிப்பு, மட்டப்பலகையால் இழுத்து மட்டம் எடு, பிறகு தேய்: இதை நான் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் எழுதிவிடுவேன். ஆனால் எப்போது தேய்ப்பது? கலவை சுவரில் ஏறிய உடனே தேய்த்தால் சீமெந்துப்பால் எல்லாம் மேலே வந்து, காய்ந்தபின் மயிரிழை வெடிப்பாக ஓடும். பிந்தினால் பலகை ஓடாது, அப்போது தண்ணீரைத் தெளித்து, வெறும் சீமெந்தைத் தூவித் தேய்ப்பார்கள், ஆறு மாதத்தில் அந்தத் தோல் உரியும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நேரம் இருக்கிறது. கலவை தண்ணியை இழுத்து, மினுக்கம் போய், விரலால் அமத்தினால் பதியும், ஆனால் விரலில் ஒட்டாது. வாடைக்காற்றுக் காலத்தில் நிழல் சுவரில் அதற்கு முக்கால் மணித்தியாலம் போகலாம். ஆடி மாதம் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிறபோது மேற்குச் சுவரில் கால் மணித்தியாலம்கூடக் கிடைக்காது. சீமெந்துக்கல் காய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

என்னோடு வேலை செய்த ஒரு பெரிய மேசன், நாங்கள் எல்லோரும் ஐயா என்றுதான் கூப்பிடுவோம், தன்னோடு நின்ற பெடியனுக்கு இதைப் பழக்கியதைப் பார்த்திருக்கிறேன். பெடியன் பலகையை எடுத்துக்கொண்டு அவசரப்படுவான். இவர் அவன் கையைப் பிடித்துச் சுவரில் வைப்பார். "தம்பி, என்ன சொல்லுது?" "ஈரமா இருக்கு ஐயா." "அப்ப பொறு." இரண்டு நிமிடம் கழித்துத் திரும்பவும். ஒரு நாளைக்குப் பதினைந்து தரமாவது இப்படி நடக்கும். மூன்று மாதம் கழித்து அந்தப் பெடியன் தானாகவே சுவரைத் தொட்டுப்பார்த்து, பலகையைக் கீழே வைத்துவிட்டு அடுத்த பகுதிக்குக் கலவை எறியப் போனதைக் கண்டேன். ஐயா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். உங்கள் மூன்று அறைக் கட்டடத்துக்குள் இது நடக்காது. அங்கே ஒரே சுவரைத்தான் பூசிப் பூசி உடைப்பார்கள். வெயிலும் காற்றும் வேறு வேறு சுவர்களும் அங்கே இல்லை.

கொங்கிறீற்றும் அப்படித்தான். 50 கிலோ சீமெந்துப் பைக்கு ஏறக்குறைய 25 லீற்றர் தண்ணீர் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்லிக்கொடுக்கிறோம். வேலைத்தளத்தில் நடப்பது என்ன? கலவை இறுகி வருகிறது, வாளி தூக்குகிறவர்களுக்குக் கை வலிக்கிறது, ஒருவர் குழாயைத் திருப்பி இன்னொரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறார். அந்த ஒரு வாளி, பத்து லீற்றர், கொங்கிறீற்றின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கொண்டுபோய்விடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, மேலே நன்றாக வழவழவென்று வரும், வீட்டுக்காரருக்கும் சந்தோஷம். அந்த நேரத்தில் "ஊத்தாதை" என்று சொல்ல ஒருவர் வேண்டும், சொன்னால் மற்றவர்கள் கேட்க வேண்டும். தீவகத்திலும் கரையோரத்திலும் இன்னொன்று: கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கம்பி போட்ட கொங்கிறீற்றுக்கு அதைப் பாவிக்கவே கூடாது, பவுசரில் நல்ல தண்ணீர் கொண்டுவர வேண்டும். உப்பு, கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும், துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் கொங்கிறீற்று வெடித்து விழும். கிணறு வீட்டிலேயே இருக்கும்போது தண்ணீருக்குக் காசு கொடுப்பதா என்று வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். அதை அவருக்கு விளங்கப்படுத்துவதும் மேசனின் தொழில்தான்.

சரி, அப்படியானால் வேலைத்தளத்திலேயே பழகட்டும், காசு எதற்கு என்று கேட்பீர்கள். இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இப்போது ஊரில் வேலை நாட்கூலிக்கு நடப்பது குறைந்துவிட்டது, அநேகம் சதுர அடிக் கணக்குத்தான். கல் வைக்க இவ்வளவு, பூச இவ்வளவு. மேசன் எவ்வளவு கெதியாக முடிக்கிறாரோ அவ்வளவு உழைப்பு. ஒரு பெடியனின் கையில் கரண்டியைக் கொடுத்தால் அவன் வைத்த வரியைக் கழற்றித் திரும்ப வைக்க வேண்டும். என் அனுபவத்தில் முதல் ஆறு மாதம் ஒரு நாளின் வேலையில் கால்வாசி குறையும். அந்தக் கால்வாசி மேசனின் வீட்டுச் சாப்பாடு. அவர் ஏன் கொடுக்க வேண்டும்? அதோடு, பழகி முடித்ததும் பெடியன் தனியாகப் போய் அவருக்கே போட்டியாக வேலை பிடிப்பான். ஆகவே கையாளைக் கையாளாகவே வைத்திருப்பதுதான் அவருக்கு இலாபம். பெடியனின் பக்கம் பார்த்தாலும், ஒரு வருடம் கலவை சுமந்தும் கரண்டி கைக்கு வராது என்று தெரிந்தால், அவன் ஓட்டோ ஓட்டவோ கடையில் நிற்கவோ போய்விடுகிறான். யாரும் கெட்டவர்கள் இல்லை. பழக்குவதால் வருகிற நட்டத்தை ஏற்க ஒருவரும் இல்லாததுதான் பிரச்சினை. முந்தித் தகப்பன் ஏற்றார், ஏனென்றால் அது அவருடைய பிள்ளை.

உங்கள் சங்கம் அந்தத் தகப்பனின் இடத்தில் நிற்கலாம்.

எப்படி என்று நான் யோசித்ததைச் சொல்கிறேன். முதலில் பெடியளைத் தேடாதீர்கள், மேசன்களைத் தேடுங்கள். உங்கள் ஊரிலும் சுற்றுவட்டத்திலும் ஐந்து ஆறு பேர் போதும். அவர்களில் பலருக்குக் கையில் ஒரு சான்றிதழும் இருக்காது. நம் நாட்டில் என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமை முறை இருக்கிறது, ஒன்று தொடக்கம் ஏழு வரை மட்டங்கள். நாலாம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டத்துக்குச் சமம். மேற்பார்வை இல்லாமல் தானே வேலை செய்யக்கூடிய கைதேர்ந்த ஆள் என்றால் நாலாம் மட்டம். இதைப் பெற வகுப்புக்குப் போகத்தான் வேண்டும் என்றில்லை. வருடக்கணக்காக வேலை செய்தவர்கள் செய்த வேலைகளுக்கு அத்தாட்சி காட்டி, மதிப்பீட்டாளர் முன்னால் செய்து காட்டிப் பெறலாம், முன்கற்றலை அங்கீகரித்தல் என்று அதற்குப் பெயர். நைற்றா, அதாவது தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, இதைச் செய்கிறது. ஐம்பது வயது மேசன் ஒருவருக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்த நாளில் அவர் வீட்டுச் சுவரில் அதைக் கண்ணாடி போட்டு மாட்டியதை நான் பார்த்திருக்கிறேன், பிள்ளைகளின் படத்துக்குப் பக்கத்தில். நீங்கள் செய்ய வேண்டியது, அவர் மதிப்பீட்டுக்குப் போகிற நாட்களின் கூலியைக் கொடுப்பது, படிவம் நிரப்ப ஒரு ஆளை ஒழுங்கு செய்வது. சின்னச் செலவு. ஆனால் அதற்குப் பிறகு அவர் பழக்குகிறவர் என்கிற இடத்துக்கு வருகிறார்.

பிறகு ஒரு மேசனுக்கு இரண்டு பெடியள், அதற்கு மேல் வேண்டாம். ஒன்றரை வருடம். முதல் ஆறு மாதம் பெடியனின் நாட்கூலி முழுக்கச் சங்கம் கொடுக்க வேண்டும், கையாளின் கூலிக்கு ஒரு சதமும் குறையாமல். அடுத்த ஆறு மாதம் பாதி சங்கம், பாதி மேசன். கடைசி ஆறு மாதம் மேசனே கொடுப்பார், ஏனென்றால் அந்த நேரத்தில் பெடியன் உழைத்துக் கொடுக்கத் தொடங்கியிருப்பான். மேசனுக்கு மாதம் ஒரு தொகை தனியாக. அதை வரவுக்குக் கொடுக்காமல் பழகிய வேலைக்குக் கொடுங்கள். பெடியனிடம் ஒரு கொப்பி இருக்கட்டும்: மூலைக் கல் தானே வைத்தான், தூக்குக்குண்டு பிடித்துக் கதவு நிலை நிறுத்தினான், வளையக் கம்பியின் கொக்கியைச் சரியாக உள்ளே மடித்தான், கொங்கிறீற்றுத் தட்டுக்குப் பாத்தி கட்டி ஏழு நாள் தண்ணீர் நிறுத்தினான், இப்படி ஒவ்வொன்றும் முடிய மேசனும் வீட்டுக்காரரும் ஒப்பம் வைக்க வேண்டும். சனிக்கிழமை மட்டும் வகுப்பு: வரைபடம் வாசித்தல், கணக்கு, பாதுகாப்பு. அதற்கு ஊர்ப் பள்ளிக்கூட மண்டபம் போதும். படிப்பிக்க யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் வேலை செய்தவர்கள், ஓய்வுபெற்றவர்கள் இருக்கிறார்கள், மரியாதையாகக் கேட்டால் வருவார்கள். கருவிப்பெட்டியை ஆறு மாதம் நின்ற பிறகு கொடுங்கள். விபத்துக் காப்புறுதி முதல் நாளே எடுங்கள், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்த 22 வயதுப் பெடியன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் வேலை செய்த இடத்தில் காப்புறுதியும் இல்லை, தலைக்கவசமும் இல்லை.

உங்களால் மட்டும் செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது, காசை விடவும் அது பெரிது. இன்றைக்கு ஊரில் வீடு கட்டுவிக்கிறவர்களில், பழைய வீடு திருத்துகிறவர்களில் பெரும்பங்கு உங்கள் சங்க உறுப்பினர்கள்தான். ஒவ்வொருவரும் வேலை கொடுக்கும்போது, இந்த வேலையில் பழகுகிற ஒரு பெடியன் நிற்பான், அதற்காக வேலை இரண்டு கிழமை பிந்தினால் பரவாயில்லை என்று எழுதிக் கொடுக்கட்டும். நல்லூர்த் திருவிழாவுக்கு மூன்று கிழமை லீவில் வருகிறோம், அதற்குள் குடிபூரல் வைக்க வேண்டும் என்று அவசரப்படுத்துகிற வீடுகளை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சோளகக் காற்றில், பத்து நாளில் வீடு முழுக்கப் பூசி, ஈரம் காயமுன்னம் பெயின்ற் அடித்து. அந்த வேலையில் யாருமே யாருக்கும் பழக்க முடியாது. கோபிக்காதீர்கள், உங்கள் மேசன் பாதியில் போனதற்கும் இப்படியான ஒரு அவசர வீடுதான் காரணமாக இருந்திருக்கும்.

நிலையமே வேண்டும் என்று சங்கத்தில் மற்றவர்கள் சொன்னால், அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். பயிற்சி நிலையம் என்றால் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிய வேண்டும், என்.வி.கியூ சான்றிதழ் கொடுக்கப் பாடநெறிக்கும் அங்கீகாரம் எடுக்க வேண்டும், தகைமையுள்ள போதனாசிரியர், இயந்திரங்கள், வருடா வருடம் மின்சாரம், பராமரிப்பு. கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் 2016 முதல் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களும் மாவட்டத்தில் இருக்கின்றன. உங்கள் பெடியள் அங்கே போய்ப் படிக்க பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்தால், இன்னொரு கட்டடம் கட்டுவதை விட நன்மை. வயரிங், குழாய் வேலை, வெல்டிங் போன்றவற்றுக்கு நான் சொன்னதை அப்படியே பொருத்த வேண்டாம், அவற்றில் வகுப்பின் பங்கு அதிகம். பிழையான வயரிங் ஆளைக் கொல்லும், ஆகவே முதலில் முறையாகப் படித்துவிட்டுத்தான் வீட்டில் கை வைக்க வேண்டும்.

இதுவரை சொன்னதில் தொழில் பற்றிய பகுதி எனக்கு நிச்சயம். இனிச் சொல்வது என் ஊகம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய பெடியன் ஊரில் நிற்பானா? 2022 நெருக்கடியில் சீமெந்து விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்குக்கு மேலே ஏறி, தளங்கள் அப்படியே நின்றபோது, என்னோடு வேலை செய்த நல்ல கைகள் பல கட்டாருக்கும் துபாய்க்கும் போயின. நீங்கள் பழக்கும் பத்துப் பேரில் நாலு பேர் போகலாம், ஆறு பேரும் போகலாம். அதை நட்டம் என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை. நாலாம் மட்டச் சான்றிதழோடு போகிறவர் தொழில் தெரிந்தவராகப் போகிறார், வெறும் கூலியாளாகப் போய் ஏமாறுவது குறையும். ஆனால் உங்கள் நோக்கம் ஊருக்கு மேசன் என்றால், இரண்டு மடங்கு பேரைப் பழக்க வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள்.

சான்றிதழால் ஊரில் கூலி கூடுமா என்பதிலும் எனக்கு உறுதி இல்லை. நிர்மாணத்துறை அபிவிருத்திச் சட்டம் 2014இல் வந்தது, தேர்ச்சி பெற்ற கட்டடத் தொழிலாளர்களைப் பதிந்து அடையாள அட்டை கொடுக்கும் ஏற்பாடு அதில் இருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் வீடு கட்டுகிற எங்கள் சனம் மேசனிடம் அட்டை கேட்டதை நான் காணவில்லை. பக்கத்து வீட்டில் யார் கட்டினது என்றுதான் கேட்பார்கள். அது மாற நாளெடுக்கும். உங்கள் சங்க உறுப்பினர்கள் கேட்கத் தொடங்கினால் கொஞ்சம் கெதியாக மாறலாம்.

அப்புறம் தாய் தகப்பனின் மனம். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்கிற ஊர் எங்களுடையது. அதைப் பழம்போக்கு என்று தள்ள நான் தயாரில்லை. அரசாங்க வேலையில் ஓய்வூதியம் இருக்கிறது. கொம்பனியில் நிரந்தர வேலை என்றால் சம்பளத்தில் 8 வீதம் தொழிலாளியும் 12 வீதம் முதலாளியும் ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுகிறார்கள், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னொரு 3 வீதம். மேசனுக்கு இது ஒன்றுமே இல்லை. மழைக்காலத்தில் இரண்டு மாதம் வேலையும் இல்லை. ஒரு தாய் தன் பிள்ளையை இதற்கு விடத் தயங்கினால் அவர் கணக்குத் தெரிந்தவர். ஆகவே சங்கம் அந்த ஒன்றரை வருடமும் பெடியனின் பெயரில் மாதா மாதம் ஒரு சேமிப்புப் போட்டால், முதல் ஆளைச் சேர்ப்பது சுகமாக இருக்கும். பெட்டைப்பிள்ளைகளையும் கேளுங்கள். பெயின்ற் வேலை, ரைல்ஸ், வரைபடம், அளவெடுப்பு இவற்றில் நான் படிப்பித்தவர்களில் மிகக் கவனமான கைகள் இரண்டு பெண்களுடையவை. ஒருவர் இன்றைக்குத் தளத்தில் அளவுகள் எல்லாம் தானே பார்க்கிறார்.

ஐந்து மேசன், பத்துப் பிள்ளைகள், ஒன்றரை வருடம். இதற்கு மேல் முதல் தடவையில் போகாதீர்கள்.

கடைசியில் நீங்கள் போகிற போக்கில் கேட்டது: அம்மாவின் வீட்டு முன்விறாந்தைத் தட்டின் அடியில் மண்ணிறக் கோடுகள், அதன்மேல் பூசிவிடலாமா என்று. பூச வேண்டாம். அது துரு. தட்டுப் போட்டபோது கம்பிக்குக் கீழே ஒரு அங்குல இடைவெளி விடாமல், பலகையிலேயே கம்பியைப் படுக்க வைத்துக் கொங்கிறீற்றுப் போட்டிருப்பார்கள் என்பது என் சந்தேகம். யாரையாவது ஏணியில் ஏறி, சின்னச் சுத்தியலால் அந்தக் கோட்டின் ஓரமாகத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கணீர் என்று கேட்டால் அவசரமில்லை. பொள்ளென்று கேட்கிற இடங்களைச் சோக்கட்டியால் வட்டம் போட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். அந்த இடங்களைக் கொத்தி, கம்பியைத் தேய்த்துத் துரு நீக்கிப் பார்த்தால்தான் எவ்வளவு கம்பி மிச்சம் என்று தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னம் செய்ய வேண்டிய வேலை அது. அதுவரை அம்மா அந்த இடத்துக்குக் கீழே கதிரை போட்டு இருக்க வேண்டாம்.